எட்டு மதிப்பெண் எங்கே போயிற்று?

மாலை ஐந்து மணி இருக்கும். இயற்பியல் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் வேளையில், முதலாண்டு மாணவன் ஒருவன் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி வாசலில் வந்து நின்றான்.

“சார், ரெக்கார்டுக்கு எட்டு மார்க் போட்டிருக்கீங்க. போர்டுல ஒட்டின லிஸ்டுல எனக்கு மொத்தமே பதினாலுதான் இருக்கு. நான் ஃபெயிலா சார்?”

செய்முறைத் தேர்வுக்கு 40 மதிப்பெண்; பதிவேட்டுக்கு 10; ஆக மொத்தம் 50. இதில் 20 பெற்றால் தேர்ச்சி. அவன் பெயருக்கு நேரே 14 என்றுதான் இருந்தது.

“கம்ப்யூட்டர் போட்ட கூட்டல் தம்பி, தப்பாது. ரெக்கார்டை நீ லேட்டாக் கொடுத்திருப்ப, அதனாலதான் சேரலை போல” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் மறுபேச்சுப் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

இரவு சாப்பிட உட்கார்ந்தபோது அந்தக் குனிந்த தலை கண்முன் வந்து நின்றது. எழுந்து போய்க் கணிப்பொறியைத் திறந்தேன். அவன் வரிசையில் செய்முறைக்கு 14, தாமதமாகத் தந்த பதிவேட்டுக்கு 8 என்று என் கையாலேயே பதிந்திருந்தேன். மொத்தம் என்ற இடத்தில் மட்டும் 14. பதினான்கும் எட்டும் பதினான்கு! அவனைப் போலவே இன்னும் இரண்டு பேர்.

கணிப்பொறிக்குக் கூட்டல் மறந்துவிட்டதா? இல்லை. அதற்கு நான் எழுதிக் கொடுத்த கட்டளைகளில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. அந்த ஓர் எழுத்து எப்படி எட்டு மதிப்பெண்ணை விழுங்கியது? அப்படி விழுங்காமல் தடுக்க என்ன வழி? மாணவ நண்பர்களே, இவற்றைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கட்டங்கள் நிறைந்த தாள்

‘ஸ்ப்ரெட்ஷீட்’ எனப்படும் விரிதாளை நீங்கள் பள்ளிக் கணிப்பொறியில் பார்த்திருப்பீர்கள். கணக்குப் பிள்ளையின் பேரேட்டைப் போலக் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். நெடுவரிசைகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகள். கிடைவரிசைகளுக்கு 1, 2, 3 என்று எண்கள். பி நெடுவரிசையும் 2-ஆம் கிடைவரிசையும் சந்திக்கும் கட்டத்துக்கு ‘பி2’ என்று பெயர். வரைபடத் தாளில் ஒரு புள்ளியை இரண்டு எண்களால் குறிக்கிறோம் அல்லவா, அதே உத்திதான்.

சொந்தக் கணிப்பொறிகளுக்கான முதல் விரிதாள் நிரல் ‘விசிகால்க்’. டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய இது, 1979-இல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்காக வெளிவந்தது. இன்று பலரும் பயன்படுத்தும் ‘எக்செல்’ 1985-இல் மக்கின்டோஷ் கணிப்பொறியில் பிறந்தது.

ஒரே வேலையை நூறு வரிசைகளுக்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தால் கை சலித்துப் போகும். அப்போது உதவுவது ‘மேக்ரோ’. “இந்தக் கட்டத்தில் உள்ளதை எடு, அந்தக் கட்டத்தில் உள்ளதோடு கூட்டு, விடையை அங்கே வை, அடுத்த வரிசைக்குப் போ” என்று கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்துவிட்டால், கணிப்பொறி கண் இமைக்கும் நேரத்தில் அத்தனை வரிசைகளையும் முடித்துவிடும். எக்செலில் இக்கட்டளைகளை எழுதும் மொழி விஷுவல் பேசிக்கின் ஒரு வடிவம். 1993-இல் இது எக்செலோடு சேர்க்கப்பட்டது.

கட்டங்களிலிருந்து எடுத்த எண்களை, வேலை முடியும் வரை கணிப்பொறி எங்காவது வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காக நினைவகத்தில் ஒதுக்கப்படும் இடத்துக்கு நாம் ஒரு பெயர் சூட்டுகிறோம். அந்தப் பெயரிட்ட இடம்தான் ‘மாறி’. அல்ஜீப்ராவில் எக்ஸ், ஒய் என்று எழுதுகிறீர்களே, அவற்றின் உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அல்ஜீப்ராவின் எக்ஸ் நாம் கண்டுபிடிக்க வேண்டிய எண். கணிப்பொறியின் மாறியோ அடுப்படியில் உள்ள ஜாடி. இன்று அதில் ஒன்றைப் போடலாம். நாளை அதைக் கொட்டிவிட்டு வேறொன்றைப் போடலாம்.

விடுபட்ட எழுத்து

நான் எழுதிய மேக்ரோவின் முக்கியமான நான்கு வரிகளைத் தருகிறேன். கணிப்பொறியில் இவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். இங்கே உங்கள் வசதிக்காக அவற்றின் ஒலியைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

பிராக்டிகல் = செல்ஸ்(ரோ, 3).வேல்யூ
ரெக்கார்ட் = செல்ஸ்(ரோ, 4).வேல்யூ
இஃப் ரெக்கார்ட் = "" தென் ரெகார்ட் = செல்ஸ்(ரோ, 5).வேல்யூ
செல்ஸ்(ரோ, 6).வேல்யூ = பிராக்டிகல் + ரெக்கார்ட்

‘ரோ’ என்பது எந்தக் கிடைவரிசை என்பதைக் குறிக்கும் மாறி. முதல் வரி, மூன்றாம் நெடுவரிசையில் உள்ள செய்முறை மதிப்பெண்ணை எடுக்கிறது. இரண்டாவது வரி, நான்காம் நெடுவரிசையிலிருந்து பதிவேட்டு மதிப்பெண்ணை எடுக்கிறது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அம்மாணவர் தாமதமாகத் தந்திருக்கிறார் என்று பொருள். எனவே ஐந்தாம் நெடுவரிசையில் பார்க்கச் சொல்கிறது மூன்றாவது வரி. கடைசி வரி இரண்டையும் கூட்டி ஆறாம் நெடுவரிசையில் எழுதுகிறது.

மூன்றாவது வரியை மீண்டும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். ‘ரெக்கார்ட்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ரெகார்ட்’ என்று இருக்கிறதா? அங்கேதான் வழுக்கி விழுந்தேன்.

நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஓர் எழுத்துப் பிழை, அவ்வளவே. கணிப்பொறிக்கோ அவை இரண்டு வேறு பெயர்கள். ‘ரெகார்ட்’ என்ற புதுப் பெயரைக் கண்டதும், “இதுவரை கேள்விப்படாத பெயராக இருக்கிறதே” என்று அது நம்மிடம் கேட்கவில்லை. ஒரு புது ஜாடியை எடுத்து, அந்தப் பெயரை ஒட்டி, எட்டு மதிப்பெண்ணை அதில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டது. கூட்டும் வரி தேடியது ‘ரெக்கார்ட்’ என்ற பழைய ஜாடியை. அதில் ஒன்றும் இல்லை. காலி ஜாடியைக் கூட்டலில் 0 என்று கொள்வது இம்மொழியின் வழக்கம். பதினான்கும் பூச்சியமும் பதினான்கு!

நேரத்தில் பதிவேடு தந்தவர்களுக்கு மூன்றாவது வரியின் பிற்பகுதி வேலை செய்யவே இல்லை. ஆகவே அவர்கள் கூட்டல் சரியாக இருந்தது. நான் சரிபார்த்ததும் பட்டியலின் முதல் ஐந்து பெயர்களைத்தான். அவர்கள் அனைவரும் நேரத்தில் தந்தவர்கள். பிழை ஒளிந்திருந்தது அந்த மூன்று பேரிடம் மட்டுமே. எல்லா வரிசையும் தவறாக இருந்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பேன். பெரும்பாலும் சரியாக இருக்கும் பிழைதான் நம்மை ஏமாற்றுகிறது.

முதலில் அறிவிப்பு, பிறகு வேலை

இதற்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. மேக்ரோ எழுதும் பக்கத்தின் உச்சியில் இரண்டே சொற்கள்:

ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்

“நான் முன்கூட்டி அறிவிக்காத எந்தப் பெயரையும் ஏற்காதே” என்பது இதன் பொருள். இதன்பின் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு மாறியையும் ‘டிம்’ என்ற சொல்லால் அறிவித்தாக வேண்டும்:

டிம் ரோ ஆஸ் லாங்
டிம் பிராக்டிகல் ஆஸ் டபுள்
டிம் ரெக்கார்ட் ஆஸ் டபுள்

இது திருமணப் பந்தலில் அழைப்பிதழ்ப் பட்டியலை வைத்துக்கொண்டு வாசலில் ஆளை நிறுத்துவது போன்றது. பட்டியலில் இல்லாத ‘ரெகார்ட்’ உள்ளே நுழையப் பார்த்தால் உடனே மாட்டிக்கொள்ளும். மேக்ரோ ஓடத் தொடங்கும் முன்பே, “இந்த மாறி அறிவிக்கப்படவில்லை” என்ற அறிவிப்போடு கணிப்பொறி அந்தச் சொல்லைச் சுட்டிக்காட்டும். அந்த இரண்டு சொற்களை நான் எழுதியிருந்தால், அந்த மாணவன் அன்று மாலை தலைகுனிந்து போயிருக்க வேண்டியதில்லை.

‘டிம்’ என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. ‘டைமென்ஷன்’, அதாவது பரிமாணம் என்ற சொல்லின் சுருக்கம் அது. 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் இருவரும் மாணவர்களுக்காகப் பேசிக் மொழியை உருவாக்கினார்கள். எண்களை வரிசையாக அடுக்கி வைக்கும் பட்டியலின் அளவைச் சொல்ல அதில் ‘டிம்’ பயன்பட்டது. தனி மாறிகளை அறிவிக்க வேண்டிய கட்டாயம் அன்று இல்லை. கற்பவருக்கு எளிதாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான் காரணம். அதற்கும் முன்பு, 1957-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில், மாறியின் பெயர் ஐ முதல் என் வரையுள்ள ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் அது முழு எண். மற்ற எழுத்துகளில் தொடங்கினால் பின்னம் உள்ள எண் என்று கணிப்பொறியே முடிவு செய்துகொண்டது. அந்தத் தாராளம் வசதியாகத்தான் இருந்தது. நிரல்கள் நீண்டு வளர்ந்தபோதுதான், அது எத்தனை பிழைகளுக்கு இடம் தருகிறது என்பது விளங்கியது.

எந்த ஜாடியில் எதைப் போடுவது?

அறிவிப்பின் முதற்பாதி பெயர். ‘ஆஸ்’ என்ற சொல்லுக்குப் பின் வரும் மறுபாதி வகை. எண்ணெய் வைக்கும் பாத்திரம் வேறு, அரிசி வைக்கும் பாத்திரம் வேறு அல்லவா? ‘இன்டிஜர்’ என்பது சிறிய முழு எண்களுக்கு. ‘லாங்’ பெரிய முழு எண்களுக்கு. ‘டபுள்’ புள்ளி வைத்த எண்களுக்கு. சுமார் 15 இலக்கத் துல்லியம் தரும். ‘ஸ்ட்ரிங்’ எழுத்துகளுக்கு. ‘டேட்’ தேதிக்கு. வகையே சொல்லாமல் விட்டால் ‘வேரியன்ட்’ என்ற பொதுப் பாத்திரம் கிடைக்கும். அது எதையும் ஏற்கும். எதைப் பற்றியும் கேள்வி கேட்காது.

வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? நீங்கள் நன்கறிந்த தனி ஊசல் சோதனையையே எடுத்துக்கொள்வோம். ஊசலின் நீளத்தையும் அலைவு நேரத்தையும் அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுகிறோம். நான்கு π வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். நான்கு அளவீடுகள் இதோ:

நீளம் 0.6 மீட்டர், அலைவு நேரம் 1.56 வினாடி
நீளம் 0.8 மீட்டர், அலைவு நேரம் 1.79 வினாடி
நீளம் 1.0 மீட்டர், அலைவு நேரம் 2.01 வினாடி
நீளம் 1.2 மீட்டர், அலைவு நேரம் 2.20 வினாடி

கையால் கணக்கிட்டால் விடைகள் முறையே 9.73, 9.86, 9.77, 9.79. சராசரி 9.79. நல்ல சோதனைதான். விடைகள் கொஞ்சம் முன்னும் பின்னும் இருப்பது இயற்கை. கடிகாரத்தை அழுத்தும் விரல் ஒவ்வொரு முறையும் ஒரே கணத்தில் அழுத்துவதில்லை.

இப்போது இதே கணக்கை மேக்ரோவிடம் கொடுத்து, நீளத்துக்கும் நேரத்துக்கும் ‘இன்டிஜர்’ மாறிகளை அறிவித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். முழு எண் பாத்திரத்தில் பின்னம் நிற்காது. கணிப்பொறி பக்கத்து முழு எண்ணுக்கு மாற்றிவிடும். 0.6, 0.8, 1.0, 1.2 ஆகிய நான்கும் 1 ஆகிவிடும். 1.56, 1.79, 2.01, 2.20 ஆகிய நான்கும் 2 ஆகிவிடும். விடை? நான்குக்கும் 9.87!

ஆபத்து எங்கே இருக்கிறது பார்த்தீர்களா? நம்ப முடியாத விடை வந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்போம். வந்ததோ பாடப்புத்தகத்தின் 9.8-க்கு அருகில் உள்ள எண். அதுவும் நான்கு முறையும் இம்மி பிசகாமல் ஒரே எண். “ஆகா, எவ்வளவு துல்லியமான சோதனை!” என்று மகிழ்ந்துகூடப் போவோம். உண்மையில் அங்கே நம் அளவீடுகள் ஒன்றும் மிச்சமில்லை. ஊசலை ஆட்டாமலே அந்த விடையைப் பெற்றிருக்கலாம். ‘டபுள்’ என்று ஒரு சொல்லை மாற்றி எழுதினால் போதும், உண்மையான நான்கு விடைகளும் திரும்ப வந்துவிடும்.

மதிப்பெண்களிலும் இதே சிக்கல் உண்டு. 49.5 என்ற மதிப்பெண்ணை ‘இன்டிஜர்’ மாறியில் போட்டால் 50 ஆகும். 48.5-ஐப் போட்டால் 49 ஆகும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஆகாது, 48 ஆகும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகில் உள்ள இரட்டை எண்ணுக்கு மாற்றுவது இம்மொழியின் விதி. ஒருவருக்கு அரை மதிப்பெண் லாபம். இன்னொருவருக்கு அரை மதிப்பெண் நஷ்டம். இரண்டையும் கணிப்பொறி வாய் திறக்காமல் செய்துவிடும்.

32,767 என்ற வேலி

இன்டிஜர் பாத்திரத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அதற்கு நினைவகத்தில் ஒதுக்கப்படுவது 16 பிட்டுகள். ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1. ஆக இரண்டின் 16-ஆம் அடுக்கு, அதாவது 65,536 வெவ்வேறு எண்களை அதில் குறிக்கலாம். குறை எண்களுக்குப் பாதியைக் கொடுத்துவிட்டால், மிகை எண்கள் 32,767 வரைதான் போக முடியும். எக்செலின் பழைய பதிப்புகளில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள். 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் 10,48,576 வரிசைகள். வரிசை எண்ணை ‘இன்டிஜர்’ மாறியில் வைத்து எண்ணிக்கொண்டே போனால், 32,767-ஐத் தாண்டியதும் “வழிந்துவிட்டது” என்று சொல்லி மேக்ரோ நின்றுவிடும். அதனால்தான் மேலே ‘ரோ’ என்ற மாறியை ‘லாங்’ என்று அறிவித்தேன். அதற்கு 32 பிட்டுகள். இருநூறு கோடிக்கு மேலும் எண்ணலாம்.

உங்கள் மேசையில் ஒரு மேக்ரோ நின்றுபோனால் நஷ்டம் ஐந்து நிமிடம். இதே 16 பிட் வேலி வானத்தில் குறுக்கிட்டதும் உண்டு. 1996 ஜூன் 4 அன்று, தென் அமெரிக்காவில் உள்ள ஃபிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. அதன் வழிகாட்டும் கருவியில் ஓடிய நிரலின் ஒரு பகுதி, முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டுக்காக எழுதப்பட்டது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 பிட் பாத்திரத்திலிருந்து 16 பிட் முழு எண் பாத்திரத்துக்கு அது மாற்றியது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் ஒருபோதும் எல்லையைத் தாண்டாது. ஏரியான் 5-இன் கிடைத்திசை வேகமோ மிக அதிகம். எண் வழிந்தது. வழிகாட்டும் கருவி செயலற்றுப் போனது. அதற்குத் துணையாக வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே நிரல். ஆகவே அதுவும் அதே காரணத்தால் நின்றிருந்தது. புறப்பட்டு 40 வினாடிகள் ஆவதற்குள் ராக்கெட் திசை மாறி உடைந்து வெடித்துச் சிதறியது. பூமியின் காந்த மண்டலத்தை ஆராய அது சுமந்து சென்ற நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அதோடு போயின.

இங்கே மாறிகள் அறிவிக்கப்படாமல் இல்லை. அந்த நிரல் எழுதப்பட்ட ஏடா மொழியில் அறிவிக்காமல் ஒரு மாறியையும் பயன்படுத்த முடியாது. ஆகவே பெயரை அறிவித்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணக்கூடாது. இந்தப் பாத்திரத்தில் விழப்போகும் மிகப் பெரிய எண் எது? பின்னம் வருமா? எழுத்து வருமா? எதுவுமே வராமல் போகலாமா? அறிவிக்கும்போதே இவற்றை யோசித்தாக வேண்டும். பழைய நிரலைப் புதிய வேலைக்கு எடுக்கும்போது மறுபடியும் யோசிக்க வேண்டும்.

விலையா, கடையின் விலாசமா?

விரிதாளோடு வேலை செய்யும்போது மட்டும் எழும் ஒரு நுட்பமான கேள்வி உண்டு. மாறியில் நாம் வைப்பது கட்டத்தில் உள்ள எண்ணையா, அந்தக் கட்டத்தையேயா?

உழவர் சந்தைக்குப் போகிறீர்கள். விலைப் பலகையில் தக்காளி விலை எழுதியிருக்கிறது. அதை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள். மறுநாள் பலகையில் விலையை மாற்றி எழுதினாலும் உங்கள் சீட்டில் பழைய விலைதான் இருக்கும். மாறாக, “விலைப் பலகை நுழைவாயிலின் இடப்பக்கம் இருக்கிறது” என்று குறித்து வந்தால், எப்போது போய்ப் பார்த்தாலும் அன்றைய விலை தெரியும்.

‘டிம் விலை ஆஸ் டபுள்’ என்று அறிவித்து, ‘விலை = ரேஞ்ச்("பி2").வேல்யூ’ என்று எழுதினால், சீட்டில் குறித்தாயிற்று. பின்னர் பி2 மாறினாலும் அந்த மாறி மாறாது. இதற்கு மாறாக,

டிம் பலகை ஆஸ் ரேஞ்ச்
செட் பலகை = ரேஞ்ச்("பி2")

என்று எழுதினால், ‘பலகை’ என்பது பி2 கட்டத்தையே சுட்டும் பெயராகிவிடும். கட்டத்தில் எண் மாறினால், அந்தப் பெயர் வழியே புதிய எண்ணே கிடைக்கும். அந்தப் பெயர் வழியே கட்டத்தில் புதிதாக எழுதலாம். அதற்கு வண்ணம்கூடப் பூசலாம். மேக்ரோ ஓடும்போது மேலே ஒரு புது வரிசையைச் செருகினால் கட்டம் பி3-க்கு இறங்கும். பெயரும் அதோடு கூடவே இறங்கும்.

இரண்டாவது வரியில் ‘செட்’ என்ற சொல் முக்கியம். அதை மறந்தால், ‘பலகை’யை ‘ரேஞ்ச்’ என்று அறிவித்திருக்கும்போது கணிப்பொறி பிழை காட்டி நின்றுவிடும். அறிவிக்காமலே விட்டிருந்தாலோ, ஒன்றும் சொல்லாமல் எண்ணை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளும். கட்டத்தைப் பிடித்திருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். கையில் இருப்பதோ பழைய சீட்டு.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். ‘டிம் ஏ, பி, சி ஆஸ் டபுள்’ என்று ஒரே வரியில் எழுதினால் மூன்றும் டபுள் ஆகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ‘சி’ மட்டுமே டபுள். மற்ற இரண்டும் எதையும் ஏற்கும் வேரியன்ட். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் வகையைத் தனித்தனியே எழுத வேண்டும்.

மறுநாள் காலை

அன்றிரவு என் மேக்ரோவின் உச்சியில் அந்த இரண்டு சொற்களை எழுதினேன். ‘ரெகார்ட்’ உடனே அகப்பட்டது, திருத்தினேன். மீண்டும் ஓடவிட்டேன். இப்போது வேறொரு புகார்: “வகை பொருந்தவில்லை.” யோசித்துப் பார்த்தேன். ‘ரெக்கார்ட்’ என்பதை எண் என்று அறிவித்துவிட்டு, மூன்றாவது வரியில் அதை வெற்றுச் சொல்லோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். எண்ணையும் சொல்லையும் எப்படி ஒப்பிடுவது? கேட்டது நியாயம்தான்.

அந்தப் புகார் எனக்கு ஒரு பாடமும் சொல்லிக் கொடுத்தது. காலிக் கட்டத்தை எண் பாத்திரத்தில் ஊற்றினால் 0 ஆகிவிடும். அப்புறம் பதிவேடு தராதவரையும், தந்து பூச்சியம் வாங்கியவரையும் எப்படிப் பிரித்தறிவது? எனவே கட்டத்தைப் பாத்திரத்தில் ஊற்றும் முன்பே, “நீ காலியா?” என்று கட்டத்தையே கேட்டுவிட வேண்டும். அதற்கு ‘இஸ்எம்ப்டி’ என்ற கட்டளை இருக்கிறது. அதைச் சேர்த்தேன். இந்தத் தெளிவு எனக்கு முதலிலேயே வந்திருக்க வேண்டும். மாறிகளை அறிவிக்க உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

மறுநாள் காலை அம்மூவரையும் அழைத்துத் திருத்திய பட்டியலைக் காட்டினேன். 14-க்குப் பதில் 22. “பிழை கம்ப்யூட்டர்ல இல்லப்பா, என்கிட்டதான். நேத்து நீ சொன்னதை நான் கேட்டிருக்கணும்” என்று அந்த மாணவனிடம் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டு, “பரவாயில்ல சார். எந்த இடத்துல சார் தப்பு?” என்று கேட்டான். அவனுக்கு விளக்கியதுதான் இந்தக் கட்டுரை.

இன்று மதிப்பெண், மின்கட்டணம், மருந்தின் அளவு, சம்பளம் என்று எத்தனையோ கணக்குகள் விரிதாள் வழியே போகின்றன. அவற்றில் ஒரு கட்டம் தவறினால் அதன் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். பிழையே செய்யாத மனிதர் இல்லை. எழுத்து விடுபடத்தான் செய்யும். செய்த பிழை சத்தம் போடும்படி ஏற்பாடு செய்துகொள்வது மட்டும் நம் கையில் இருக்கிறது. மாறியை அறிவிப்பது அந்த ஏற்பாடு.

நீங்களே செய்து பாருங்கள். எக்செலில் ‘ஆல்ட்’ விசையோடு ‘எஃப் 11’ விசையை அழுத்தினால் மேக்ரோ எழுதும் பக்கம் திறக்கும். ஊசல் கணக்கை முதலில் ‘இன்டிஜர்’ மாறிகளோடும், பிறகு ‘டபுள்’ மாறிகளோடும் ஓடவிடுங்கள். அடுத்து ஒரு மாறியின் பெயரில் வேண்டுமென்றே ஓர் எழுத்தைக் கெடுத்துவிட்டு, ‘ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்’ இல்லாமல் ஒருமுறையும் அதனோடு ஒருமுறையும் ஓடவிட்டுப் பாருங்கள். முதல் முறை கணிப்பொறி மௌனமாக ஒரு தவறான விடையைத் தரும். இரண்டாம் முறை விடை தர மறுக்கும். இரண்டில் எது நல்ல நண்பன் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்!